மன்றாட்டு மாறியது, வாழ்வு மாறியதா?



மழை வேண்டி மன்றாடுகின்றோம். மழை மிஞ்சிப் பயிர் அழுகும்போது அது ஓய வேண்டுமென்றும் மன்றாடுகின்றோம். நோய் நீங்கவும், கடலுக்குப் போனவர் நலமே கரை சேரவும் நேர்த்தி வைக்கின்றோம். இவற்றில் நமக்கு எவ்வித ஐயமும் எழுவதில்லை. நம் கைக்கு எட்டாத ஒன்றை எல்லாம் வல்லவரின் கையில் ஒப்படைக்கின்றோம், அவ்வளவுதான்.

ஆனால், நம் கையாலேயே நாள்தோறும் அழித்துவருகின்ற ஒன்றைக் காத்தருளுமாறு இறைவனிடம் கேட்பது எத்தகைய மன்றாட்டு? அது விசுவாசமா, அல்லது விசுவாசத்தின் பெயரால் நம் பொறுப்பை அவர்மேல் சுமத்துவதா? இக்கேள்வி வெறும் கற்பனையன்று. சுவிற்சர்லாந்தின் மலைச்சாரலிலே இரண்டு சிறிய கத்தோலிக்க ஊர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் ஒரு செபத்தின் வரலாறு இதனை நம் முன் நிறுத்துகின்றது. நம்மவர் பலரின் பிள்ளைகளும் உடன்பிறப்புகளும் இன்று வாழும் நாடு அது. அங்கே உருகும் பனி கடைசியில் சேருவதும் நம் கரைகளைத் தொடும் அதே கடலில்தான். ஆகவே, இது நமக்கு அந்நியமான கதையன்று.

1678ஆம் ஆண்டுப் பொருத்தனை

முதலில், பனிக்கட்டியாறு என்பது யாது என்று பார்ப்போம். உயர்ந்த மலைகளின் உச்சியிலே குளிர்காலத்தில் விழும் பனி கோடையில் முழுவதும் கரைந்துபோவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அது அடுக்கடுக்காய்ச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகின்றது. அந்தக் கட்டி அசையாது கிடப்பதுமில்லை. மிக மெதுவாகப் பள்ளத்தை நோக்கி நகர்கின்றது. மேலே பனி சேருகின்றது. கீழே உருகி ஓடுகின்றது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை அது தன் அளவில் நிற்கும். வரவு மிகுந்தால் கீழ்நோக்கி வளரும். செலவு மிகுந்தால் தேய்ந்து மேல்நோக்கி ஒதுங்கும். குடும்பக் கணக்கைப் போன்றதே இதுவும்.

அல்ப்ஸ் மலைத்தொடரின் பனிக்கட்டியாறுகளுள் மிகப் பெரியது அலெட்ஷ் என்பது. சுவிற்சர்லாந்தின் தெற்கிலுள்ள வலே மாநிலத்தில் இருக்கின்றது. இருபது கிலோமீற்றருக்கு மேல் நீளமும், ஏறக்குறைய 80 சதுர கிலோமீற்றர் பரப்பும் உடையது. மேலிருந்து இறங்கும் பனிப்புலங்கள் ஒன்றுகூடும் இடத்தில் அதன் தடிப்பு ஏறக்குறைய 800 மீற்றர். 2001இல் இப்பகுதியை யுனெஸ்கோ உலக மரபுரிமையாகப் பிரகடனஞ் செய்தது.

இன்று உலகமே சென்று பார்த்து வியக்கும் இந்தப் பனி, 17ஆம் நூற்றாண்டிலே அவ்வூர் மக்களுக்குப் பேரச்சமாய் இருந்தது. ஐரோப்பா அப்போது நீண்டதொரு குளிர்க் காலத்தினூடாகச் சென்றுகொண்டிருந்தது. பனிக்கட்டியாறு வளர்ந்து காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் நோக்கி இறங்கிற்று. போதாக்குறைக்கு, அது ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் நீரை அணைபோல் மறித்து மேரியலன் என்னும் ஏரியை உண்டாக்கியிருந்தது. அந்த ஏரி உடைத்துக்கொண்டால் கீழேயுள்ள ஊர்களில் பெருவெள்ளம் பாயும்.

பீஷ், பீஷர்த்தால் என்னும் இரு ஊர்களின் மக்கள் 1678இல் ஒரு பொருத்தனை செய்தார்கள். பனிக்கட்டியாறு மேலும் வளராதிருக்க மன்றாடுவோம் என்பது அதன் ஒரு பாதி. நாம் நற்பண்புடையோராய் வாழ்வோம் என்பது மறு பாதி. 1862இல் இதனோடு ஆண்டுப் பவனி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். புனித இஞ்ஞாசியாரின் திருநாளாகிய யூலை 31ஆந் திகதி, காட்டிடையே உள்ள சிற்றாலயத்தை நோக்கி அப்பவனி சென்றது.

அதற்குச் சற்று முன்பின்னாகவே பனி பின்வாங்கத் தொடங்கியது. அன்று தொட்டு இன்றுவரை அலெட்ஷ் மூன்று கிலோமீற்றருக்கு மேல் சுருங்கிவிட்டது. ஆயினும் ஊர் மக்கள் பழைய சொற்களிலேயே ஆண்டுதோறும் மன்றாடி வந்தனர். 'பனியே, வளராதே' என்று கேட்போர் கண்முன்னே பனி கரைந்துகொண்டிருந்தது. இறுதியில் 2009இல், தங்கள் மன்றாட்டை மாற்றியமைக்க அனுமதி வேண்டி வத்திக்கானுக்கு விண்ணப்பித்தனர். 16ஆம் ஆசீர்வாதப்பர் பாப்பரசராய் இருந்த காலத்தில், 2010இல் அந்த அனுமதி கிடைத்தது. தாத்தாமார் எதனை விலக்கும்படி கேட்டார்களோ, அதனையே காத்தருளும்படி பேரப்பிள்ளைகள் இன்று கேட்கின்றார்கள்.

இறைவனின் மனத்தை மாற்றவா?

இதைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும். ஒரு தலைமுறை ஒன்றைக் கேட்க, மறு தலைமுறை அதற்கு எதிரானதைக் கேட்டால், கடவுள் யாருக்குச் செவிசாய்ப்பார் என்பது அவர்களுடைய வாதம்.

இந்த வாதம் புதியதன்று. மன்றாட்டின் நோக்கம் இறைவனின் திருவுளத்தை மாற்றுவதன்று. மன்றாட்டின் வழியாக நமக்குத் தரவென்று அவர் திருவுளங்கொண்டதைப் பெறுவதே என்று புனித அக்குவினாஸ் தோமையார் 13ஆம் நூற்றாண்டிலேயே தெளிவுபடுத்தினார். பிள்ளை காய்ச்சலில் கிடக்கையில் குளிர்ச்சியும், குளிரில் நடுங்குகையில் போர்வையும் கேட்பதில் முரண்பாடு ஒன்றுமில்லை. இரு வேளையிலும் அது கேட்பது சுகத்தையே. அவ்வாறே 1678இல் கேட்டதும் 2010இல் கேட்டதும் ஒன்றுதான்: இந்தப் பள்ளத்தாக்கில் மனிதர் வாழ வேண்டும்.

அன்று பனி வளர்ந்தமையால் ஆபத்து. இன்று தேய்வதாலும் ஆபத்து. குளிர்காலப் பனியைச் சேமித்துவைத்து, வரண்ட கோடையில் நீராய் அளந்து கொடுக்கும் களஞ்சியம் அது. அலெட்ஷின் உருகுநீர் மாசா ஆற்றின் வழியாக றோண் நதியை அடைகின்றது. அந்நதி பிரான்சினூடாக மத்தியதரைக் கடலைச் சேருகின்றது. வழியிலே வயலுக்கும் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் அந்நீர் உதவுகின்றது. பனி உருகும் காலத்தில் நீர் பெருகுவதுபோலத் தோன்றும். ஆனால் அது முதலை எடுத்துச் செலவழிப்போனின் செழிப்பு. முதல் தீர்ந்தபின் கோடை ஆறு மெலியும்.

மலையும் தன் உறுதியை இழக்கின்றது. 2025 மே 28ஆந் திகதி, அதே வலே மாநிலத்தின் பிளாற்றன் என்னும் ஊருக்கு மேலேயிருந்த பனிக்கட்டியாறு, தன்மேல் சரிந்து குவிந்த பாறைகளின் பாரத்தோடு இடிந்து விழுந்து, ஊரின் பெரும்பகுதியைப் புதைத்தது. அத்தகைய சரிவுக்குக் காரணங்கள் பல. வெப்பம் ஒன்றையே அதற்குக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. ஆயினும் உயர்மலைப் பாறைகளின் இடுக்குகளில் உறைந்து அவற்றைப் பிணைத்து நிற்கும் பனி இளகுவது, மலைகளைத் தளரச் செய்கின்றது என்பதை அறிஞர் மறுப்பதில்லை. அங்கே ஒருவர் உயிரிழந்தார். ஏறக்குறைய 300 பேர் உயிர் தப்பினர். காரணம், மலையைக் கண்காணித்தவர்களின் எச்சரிக்கையை மதித்து, ஊரார் ஒன்பது நாட்கள் முன்னரே வீடுகளை விட்டு வெளியேறியிருந்தமையே.

அன்றைய ஆபத்தும் இன்றைய ஆபத்தும்

ஆகவே, மன்றாட்டின் திசை மாறியதில் தவறில்லை. ஆயினும் இரண்டு மன்றாட்டுக்களுக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. 1678இல் அம்மக்கள் தாம் உண்டாக்காத ஆபத்தின் முன் நின்றார்கள். பனி வளர்ந்தது அவர்கள் குற்றத்தால் அன்று. இன்றைய ஆபத்தோ மனிதக் கைகளின் வேலை.

இதனை அளவோடு சொல்லுதல் நன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே தொடங்கிய முதற் சுருக்கம் முழுவதையும் மனிதர்மேல் சுமத்த முடியாது. இயற்கையான மாறுதலுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் 1990கள் தொட்டு உலகெங்கும் பனிக்கட்டியாறுகள் பின்வாங்குவதற்கு மனிதரின் செயலே பிரதான காரணமாயிருப்பது மிகவும் சாத்தியம் என்று, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. நிலக்கரியையும் பெற்றோலையும் எரிவாயுவையும் எரிக்கையில் எழும் காபனீரொட்சைட்டு, பூமியின் வெப்பம் வெளியேறாது தடுக்கும் போர்வையாகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் அது 280 பங்கு. 2024இல் 420 பங்கையும் தாண்டிவிட்டது.

அதன் விளைவையும் பாருங்கள். 2022இலும் 2023இலுமாக இரண்டே ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் தம் கனவளவில் பத்து வீதத்தை இழந்தன. உலகத்தின் பனிக்கட்டியாறுகள் அனைத்தும் சேர்ந்து 2000 முதல் 2023 வரை ஆண்டொன்றுக்குச் சராசரி 27,300 கோடி தொன் பனியை இழந்தன என்றும், அதனால் கடல்மட்டம் 18 மில்லிமீற்றர் உயர்ந்தது என்றும் 2025இல் வெளியான சர்வதேச ஆய்வு கணித்தது. 18 மில்லிமீற்றர் பெரிதா என்று கேட்கலாம். கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கும் தீவுகளிலும் களப்புக் கரைகளிலும் கிணற்று நீரை நம்பி வாழும் நமக்கு, அது பெரிதே.

இந்த நிலையில் 'ஆண்டவரே, பனியைக் காத்தருளும்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறி வீடு திரும்புகின்றவன், ஒரு கையால் விளக்கை ஊதி அணைத்தவாறே, வெளிச்சம் தாரும் என்று கேட்கின்றவனுக்கு ஒப்பாவான்.

சிறு களவுகளின் பெருந்தொகை

'நான் ஊதியா அந்த விளக்கு அணைந்தது? உலகத்தில் 800 கோடிப் பேர் இருக்கின்றனர். என் பங்கு எம்மாத்திரம்?' என்று நம் மனம் உடனே வாதாடும். மெய்யாகவே இது கடினமான கேள்வி. நாம் ஒருவனை அடித்தால் அடித்த கையும் தெரியும். அடிபட்ட உடலும் தெரியும். இங்கே கை கோடிக்கணக்கு. காயமோ வேறொரு தேசத்தில், வேறொரு தலைமுறையில் தோன்றும். இப்படிப்பட்ட தீங்குக்கு யார் பொறுப்பாளி?

இவ்விடத்தில் திருச்சபையின் ஒழுக்கவியல் வரலாற்றிலிருந்து ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. பீஷ் மக்கள் பொருத்தனை செய்தபோது பாப்பரசராய் இருந்தவர் 11ஆம் இன்னொசென்ற். மறு ஆண்டு, 1679 மார்ச் மாதத்தில், அவர் அக்காலத்து ஒழுக்கவியலாளர் சிலரின் தளர்ந்த கருத்துக்கள் 65ஐக் கண்டித்து ஒரு கட்டளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று சிறு களவுகள் பற்றியது. சிறிது சிறிதாய்த் திருடியவன், அவற்றின் மொத்தத் தொகை எவ்வளவு பெரிதானாலும், அதைத் திருப்பிக் கொடுக்கும் கனமான கடமைக்கு உட்பட்டவனல்ல என்பது அந்தக் கருத்து. பாப்பரசர் இதனை நிராகரித்தார்.

தராசிலே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறங்கை அரிசி குறைக்கும் கடைக்காரனை எண்ணிப் பாருங்கள். எந்த ஒரு வாடிக்கையாளனும் அதனால் பட்டினி கிடக்கமாட்டான். ஆனால் ஆண்டு முடிவில் கடைக்காரனிடம் ஒரு மூடை அரிசி இருக்கின்றது. 'நான் யாருக்கும் பெரிய தீங்கு செய்யவில்லை' என்று அவன் சொல்லலாம். மூடை அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

அக்கட்டளை அரிசிக்கும் பணத்துக்கும் உரியது, புகைக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும் அதன் நியாயம் இங்கும் பொருந்தும். ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியிடப்பட்டால், அதன் விளைவாகக் காலப்போக்கில் ஏறக்குறைய 15 கிலோ பனிக்கட்டியாற்றுப் பனி உருகும் என்று பிறேமன், இன்ஸ்புறூக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் 2018இல் கணித்தனர். சாதாரண மோட்டார் வாகனம் 500 மீற்றர் ஓடினால் ஒரு கிலோ பனி போயிற்று. சிறங்கையும் தெரிகின்றது, மூடையும் தெரிகின்றது.

களவுக்கு உடைமையாளன் வேண்டுமே, மலைப்பனிக்கு யார் உடைமையாளன் என்று கேட்பீர்களாயின், அதன் நீரைக் குடிக்கப்போகும் பிள்ளைகள் என்பதே விடை. அவர்களிற் பலர் இன்னும் பிறக்கவில்லை. பிறவாதவனிடம் திருடுவது இலகு; அவன் கூச்சலிடமாட்டான்.

'எங்களுக்குத் தெரியாது' என்ற சாட்டும் இன்று செல்லாது. வெல்ல முடியாத அறியாமை குற்றத்தை நீக்கும் என்பது ஒழுக்கவியலின் பழைய போதனை. நிலக்கரிப் புகையால் பூமி சூடாகக்கூடும் என்று சுவீடன் நாட்டு விஞ்ஞானி அர்ரேனியஸ் கணக்கிட்டது 1896இல். அதை அன்று அறிந்தவர் மிகச் சிலர். ஆனால் 1990ஆம் ஆண்டின் சமாதான தினச் செய்தியிலே பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் படைப்பின் சீர்கேட்டை ஓர் ஒழுக்கப் பிரச்சினை என்று உலகறியக் கூறினார். 1992இல் றியோ நகரில் அரசுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் தமது 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். இதன் பின்னரும் அறியாமை இருக்குமாயின், அது நாமாகத் தேடிக்கொண்ட அறியாமையே.

தேவையும் சொகுசும்

ஆயினும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று. கொடும் பசியால் வாடுபவன் உயிர் பிழைக்க எடுத்துக்கொள்வது களவாகாது என்று அதே அக்குவினாஸ் தோமையார் கற்பித்தார். வயலுக்கு நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும், மீன்பிடி வள்ளத்துக்கும், நோயாளியைக் கொண்டுசெல்லும் வாகனத்துக்கும் எரியும் எண்ணெய், பொழுதுபோக்குக்காகத் தனி விமானத்தில் பறப்பவன் எரிக்கும் எண்ணெய்க்குச் சமமாகாது. இரண்டும் ஒரே புகையைத்தான் கக்குகின்றன. ஆனால் ஒழுக்கவியல் புகையை மட்டும் அளப்பதில்லை. புகையின் காரணத்தையும் அளக்கின்றது.

எண்களும் இதையே சொல்கின்றன. இலங்கையிலே ஒருவருக்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டே வெளியாகின்றது. சுவிற்சர்லாந்தில் அது ஏறக்குறைய நான்கு தொன். பிற நாடுகளில் செய்து அங்கே இறக்குமதியாகும் பொருட்களின் புகையையும் சேர்த்தால் அதைவிடப் பல மடங்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பத்துத் தொன்னுக்கும் மேல். ஆகவே செல்வந்த நாடுகளும் பெரும் எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களும் செய்ததை, ஏழைகளின் மண்ணெண்ணெய் விளக்கோடு சேர்த்து 'மனிதகுலத்தின் குற்றம்' என்று ஒரே வார்த்தையில் பூசி மெழுகுவது உண்மையாகாது. சிறு களவு பற்றிய போதனை பெருங்கள்வனுக்கு மறைவிடமாகிவிடக் கூடாது.

அதே வேளையில், நம் பங்கு சிறிது என்பது நமக்குப் பெருமை தரும் புண்ணியமுமன்று. அது பெரும்பாலும் நம் வறுமையின் விளைவு. கையில் பணம் வந்தவுடன், அல்லது வெளிநாட்டிலுள்ள பிள்ளை பணம் அனுப்பியவுடன், நாமும் அதே வாழ்க்கையைத்தானே நாடுகின்றோம்? கோவிலுக்குப் போகும் கால் மைலுக்கு வாகனம். ஒருநாள் கொண்டாட்டத்துக்கு இரவெல்லாம் இயங்கும் மின்பிறப்பாக்கி. ஊரார் பார்க்கவென்று கட்டிய வீட்டின் மூடிய அறைகளுக்குக் குளிரூட்டி. இவற்றில் தேவை எது, சொகுசு எது என்று நம் மனச்சாட்சியே நமக்குச் சொல்லும். பாவ அமைப்புக்கள் என்று சொல்லப்படுபவை மனிதரின் தனிப்பட்ட பாவங்களிலேயே வேரூன்றியுள்ளன என்று 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1987இல் எழுதினார். அந்த வேர் சிறிய வீட்டிலும் ஓடும்.

பனை வைத்தவன்

களவுக்குப் பரிகாரம் திருப்பிக் கொடுத்தல். சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் வரவேற்றபோது, வெறும் வரவேற்போடு நிற்கவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாக வாக்களித்தான். ஆனால் உருகிய பனியை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இங்கே ஒரு கசப்பான உண்மையை நாம் ஏற்க வேண்டும். பனிக்கட்டியாறு வெப்பத்துக்கு உடனே முழுமையாய் ஈடுகொடுப்பதில்லை. பல ஆண்டுகள் பிந்தியே அது தன் புதிய அளவுக்குச் சுருங்கும். இன்றைய வெப்பநிலை இப்படியே நின்றுவிட்டாலும், உலகின் பனிக்கட்டியாறுகள் 2020இல் இருந்த பனியில் 39 வீதத்தைக் காலப்போக்கில் இழக்கும் என்று 2025இல் வெளியான ஆய்வு ஒன்று கூறிற்று. அலெட்ஷுக்கும் இதே கதிதான். வெப்பம் மேலும் கூடாவிட்டாலும் இந்நூற்றாண்டின் முடிவில் அது தன் பனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இழக்கும் என்று சூரிக் ஆய்வாளர் 2019இல் கணித்தனர். இதன் பொருள் என்ன? பீஷ் மக்கள் இன்று கேட்கும் வரத்தை, அவர்களுள் எவரும் தம் வாழ்நாளில் காணப்போவதில்லை.

இதைக் கேட்டு இருவகை மனிதர் இருவகையாய்ச் சோர்ந்து போகின்றனர். ஒரு சாரார், எல்லாம் முடிந்துவிட்டது என்பர். 2019 செப்ரெம்பர் 22ஆந் திகதி, கிழக்குச் சுவிற்சர்லாந்தின் பிற்சோல் என்னும் பனிக்கட்டியாற்றுக்கு ஏறக்குறைய 250 பேர் கறுப்பு உடை அணிந்து மலையேறிச் சென்று இரங்கல் நிகழ்த்தினர். குருவானவர் ஒருவரும் அங்கே உரையாற்றினார். அவர்கள் துக்கத்தை நாம் மதிக்கின்றோம். இழந்ததற்காக அழுவது நன்று. ஆனால் அடக்கச் சடங்கோடு கடமை முடிந்தது என்று நினைத்தால், இன்னும் உயிரோடிருப்பவற்றையும் நாம் குழிக்குள் இறக்குகின்றோம்.

மறு சாரார் கண்முன் தெரியும் காயத்துக்கு மட்டும் கட்டுப் போடுவர். றோண் நதி பிறக்கும் பனிக்கட்டியாற்றிலே, உல்லாசப் பயணிகள் பார்க்கவென்று குடைந்த பனிக்குகையைக் காக்க, கோடையில் வெள்ளைத் துணிகளால் பனியை மூடுகின்றனர். துணியின் கீழே உருகுதல் குறைகின்றது என்பது மெய். ஆனால் மலையனைத்துக்கும் துணி போர்த்த எவராலும் முடியாது.

நம் முன்னோரிடம் ஒரு பழமொழி உண்டு: 'தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்.' ஆயினும் பனை வைப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. எவரோ வைத்த பனையின் கிழங்கைத் தாம் தின்றதை அறிந்திருந்தார்கள். ஆதலால் வேறெவருக்கோ விதை ஊன்றினார்கள். பனிக்கட்டியாற்றுக்காக இன்று நாம் செய்யக்கூடியதும் பனை வைப்பதே. 39 வீதம் போவது உறுதியாயினும், எஞ்சிய 61 வீதத்தின் கதி இன்னும் எழுதப்படவில்லை. அதே ஆய்வின்படி வெப்பம் 1.5 பாகையோடு நின்றால் பாதிக்குச் சற்று அதிகமான பனி தப்பும்; இன்றைய போக்கில் 2.7 பாகை வரை போனால் கால்வாசியே எஞ்சும். இடையிலுள்ள ஒவ்வொரு 0.1 பாகைக்கும் ஏறக்குறைய 2 வீதப் பனி. எனவே 'காலம் கடந்துவிட்டது' என்று சொல்லி ஒதுங்க எவருக்கும் இடமில்லை.

பொருத்தனையின் மறு பாதி

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நாமே அழிப்பதைக் காத்தருளும்படி இறைவனிடம் கேட்கலாமா?

கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ஆனால் 1678ஆம் ஆண்டுப் பொருத்தனைக்கு இரண்டு பாதிகள் இருந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது. மன்றாட்டின் சொற்களை மாற்ற உரோமையின் அனுமதி வேண்டியிருந்தது. நற்பண்போடு வாழ்வோம் என்ற மறு பாதியை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அதை நிறைவேற்றுவதற்கு எவரின் அனுமதியும் வேண்டியதில்லை. அன்று அப்பாதி பனியோடு நேரடித் தொடர்பற்ற ஒரு பக்தி முயற்சியாய் இருந்தது. மக்கள் ஒழுக்கமாய் வாழ்ந்ததால் பனி ஓர் அங்குலம் குறைந்ததென்று விஞ்ஞானம் சொல்லாது. இன்றோ, அளவோடு வாழ்தல் என்ற அந்தப் பழைய புண்ணியமே பனியைக் காக்கும் கருவியாகிவிட்டது. நம் முன்னோர் மட்டசனம் என்று சொன்ன குணம் இன்று மலைகளுக்கும் மருந்தாகின்றது.

நினிவே மாநகர் மக்கள் யோனாவின் சொல்லைக் கேட்டுச் சாக்கு உடுத்தி உபவாசம் இருந்தார்கள். அதோடு தங்கள் தீய வழியை விட்டுத் திரும்பினார்கள். இறைவன் கண்டு இரங்கியது அவர்கள் திரும்பியதையே என்று திருநூல் உணர்த்துகின்றது.

சுவிற்சர்லாந்து மக்களுக்கும் இத்திருப்பம் இலகுவாய் வரவில்லை. 2021 யூன் மாதத்தில், பெற்றோலுக்கும் விமானப் பயணத்துக்கும் கூடுதல் வரி விதிக்கும் சட்டத்தை வாக்கெடுப்பில் 51.6 வீதத்தினர் நிராகரித்தனர். பனிக்காக இரங்கிய அதே நாடு, அதன் செலவைக் கேட்டதும் பின்வாங்கியது. இரண்டு ஆண்டுகளின் பின், 2023 யூன் 18ஆந் திகதி, 2050ஆம் ஆண்டளவில் நாட்டின் நிகரப் புகை வெளியீட்டைப் பூச்சியமாக்கும் சட்டத்துக்கு 59.1 வீதத்தினர் ஆம் என்றனர். அந்தச் சட்டத்துக்கு வித்திட்டது பனிக்கட்டியாறுகளின் பெயரால் குடிமக்கள் தொடங்கிய இயக்கமே. ஒரு நாடு வாக்குச்சீட்டினால் செய்த பொருத்தனை என்று அதனைக் கொள்ளலாம். நிறைவேற்றுவார்களா என்பதை வருங்காலம் காட்டும். பொருத்தனை செய்தவன் கடன்காரன். நிறைவேற்றும்வரை அவன் நிம்மதியாய் உறங்கலாகாது.

வாசகர்களே, நமக்குப் பனிக்கட்டியாறு இல்லை. நம் பொருத்தனைகள் வேறு. ஆயினும் நேர்த்தி என்றால் என்ன என்பதை நாம் நன்கறிந்த மக்கள். பிள்ளைக்குச் சுகம் வந்தால் நடந்தே வருவேன் என்று நேர்ந்தவர், வாகனம் இருந்தும் நடப்பார். காலில் கொப்புளம் எழும்பினாலும் நடப்பார். வாக்குக் கொடுத்தால் உடலை வருத்தியாவது நிறைவேற்ற வேண்டும் என்ற அந்த உணர்வு நம் இரத்தத்தில் ஊறியது. அதே உணர்வோடு இந்தக் காரியத்திலும் ஒரு சிறு நேர்த்தி வைக்க முடியாதா?

குடும்ப செபத்தின் முடிவில் தாயும் தந்தையும் பிள்ளைகளும் கூடி, நம் வீட்டில் தேவைக்கு மிஞ்சி எரிவது எது என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். நடக்கக்கூடிய தூரத்துக்கு நடப்போம் என்று முடிவு செய்யலாம். கொண்டாட்டங்களின் ஆடம்பரத்தைக் குறைத்து, அதனை மிச்சமாக்கி ஏழைக்குக் கொடுக்கலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு பேசும்போது, 'என்ன வாகனம் வாங்கினாய்?' என்று மட்டும் கேளாமல், அந்நாட்டு வாக்குரிமை பெற்றிருந்தால் அதை எப்படிப் பயன்படுத்துகின்றாய் என்றும் கேட்கலாம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் ஆத்தும சோதனையில், யாரிடம் என்ன எடுத்தேன் என்ற கேள்வியை, இன்னும் பிறவாதவரிடமிருந்து என்ன எடுத்தேன் என்றும் விரித்துக் கேட்கலாம்.

வருகிற யூலை 31ஆந் திகதி, புனித இஞ்ஞாசியாரின் திருநாளன்று, அந்த மலை ஊரவரின் மன்றாட்டோடு நம் மன்றாட்டையும் சேர்ப்போமாக. பனி நிலைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். நாமும் அதையே கேட்போம். கேட்டுவிட்டு, அன்றைய நாள் கோவிலுக்குப் போகவும் வரவும் நடந்தே செல்வோம்.